பாட்டுக்கு முன்னால் இருந்த மூன்று நிமிஷம்

1. பிளேடு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் கையில் பிளேடைக் கொடுத்துவிட்டார்கள்.

1971, ஜெர்மனியில் ஹனோவர். எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டே ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனியில் பார்ட்-டைம். மூடிப்போன அமெரிக்க ஸ்டுடியோ ஒன்றின் பழைய டேப்புகளை வாங்கி எல்.பி. இசைத்தட்டு போடுவதுதான் கம்பெனியின் தொழில். பாட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் இருமல், பேச்சு, நாற்காலிச் சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்து மிச்சத்தை ஒட்டுவது என் வேலை.

முதலாளி க்ரோன் ஒரே ஒரு ரூல் சொன்னார். "முதல்ல காப்பி எடு. பிளேடு காப்பி மேலதான் படணும்."

மூன்று வாரம் ஒழுங்காக எடுத்தேன். அப்புறம் திமிர். சர்க்யூட் டிசைன் பண்ணுகிறவனுக்கு டேப் வெட்டத் தெரியாதா? ஒரிஜினலிலேயே வெட்ட ஆரம்பித்தேன். ஒரு மத்தியானத்தில் எட்டு பாட்டு முடிந்தது. ஊரிலிருந்து வந்த மற்ற பசங்களிடம் பீற்றிக்கொண்டும் திரிந்தேன்.

அதில் ஒரு பாட்டுக்கு முன்னால் மூன்று நிமிஷம் ஓர் ஆள் வாயாலேயே "பா-ப-தா" என்று பாடி, டிரம்பெட், சாக்ஸ் என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். செம ஜாலியாக இருந்தது. சிரித்துக்கொண்டே வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

2. வெல்டன்

அடுத்த வாரம் அந்தக் குரலே ஆபீஸுக்குள் நடந்து வந்தது. பேண்ட் லீடர் மிஸ்டர் வெல்டன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கச்சேரிக்காக ஜெர்மனியைச் சுற்றிக்கொண்டிருந்தவர், எங்கள் எல்.பி. வரப்போவதைக் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"அந்த "பா-ப-தா" பாட்டு நான் போட்டது. பழைய ரெக்கார்டுல ஸ்டுடியோ ஓனர் தன் பேரைப் போட்டுக்கிட்டான். நீங்களாவது என் பேரைப் போடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"போடுறதுல எனக்குச் சந்தோஷம்தான்" என்றார் க்ரோன். "ஆனா நாளைக்கு அந்த ஓனர் கேஸ் போட்டா, காட்ட ஏதாவது வேணுமே. பாட்டை நோட்ஸா எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எனக்கு எழுதத் தெரியாது தம்பி. பசங்களுக்கு வாயாலதான் பாடிக் காட்டுவேன். அப்போ டேப் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. போட்டுப் பாருங்க, அன்னிக்குத்தான் முதல் தடவையா சொல்லிக் கொடுத்தேன்."

க்ரோன் முகம் மலர்ந்தது. "ஒரிஜினலைப் போடுப்பா!"

போட்டேன். ஒரு நொடி அமைதி. உடனே டிரம்பெட், சாக்ஸ் என்று ஹார்ன் செக்‌ஷன் முழுசாக இறங்கியது.

வெல்டன் என்னைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி இருந்தது எங்க?"

கூடையை வெள்ளிக்கிழமையே காலி செய்துவிட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம் வேறு.

"டேப் இப்படித்தான் வந்துச்சு சார். முன்னாடி ஒண்ணும் இல்ல."

அவர் சுழலும் ரீலைப் பார்த்தார். "அப்படியா... அப்ப எனக்குத்தான் ஞாபகம் பிசகிடுச்சு போல. வயசாச்சு இல்ல" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவருகே நின்று, மன்னிப்புக் கேட்கிற மாதிரி க்ரோனிடம் சிரித்தார்.

3. லேபிள்

மறுநாள் க்ரோனிடம் உண்மையைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"நேத்து அவர் முன்னாடி சொல்லியிருந்தா நீயும் அவரும் உக்காந்து ஒரு வாக்குமூலம் எழுதியிருக்கலாம். இன்னிக்கு? டேப்பை வெட்டினவன், பொய் சொன்னவன். உன் வார்த்தையை எவன் நம்புவான்?"

நான் தேடிப் பிடிப்பதற்குள் வெல்டனின் குழு ஸ்டுட்கார்ட் போய், அங்கிருந்து ஊருக்கும் கிளம்பிவிட்டது. கடிதம் போட்டேன், விலாசம் தவறு என்று திரும்பி வந்தது. எல்.பி. ஓனர் பெயரோடுதான் வெளிவந்தது. இன்று இந்த ஊர் ஸ்டூடண்ட் பேண்டுகள் எல்லாம் அந்த "பா-ப-தா"வைத்தான் வாசிக்கின்றன. யார் போட்டது என்று கேட்டால், ரெக்கார்டைத் திருப்பி ஓனர் பெயரைப் படிக்கிறார்கள்.

டேப் வேலைக்கு வரும் ஜூனியர்களே, காப்பி எடுங்கள், சரி. ஆனால் நான் கற்றது அது இல்லை. டேப் போன பிறகும் அந்த அறையில் ஒரு சாட்சி மிச்சம் இருந்தது. அவர் பாடிக் கொடுத்ததைக் கேட்டுச் சிரித்த என் இரண்டு காதுகள். அவற்றையும் வைத்துக்கொண்டு, ஒரு மனிதரைத் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட வைத்து அனுப்பினேன்.