கதவுக்குப் பின்னால் ஒரு பை

இஸ்திரி அக்கா என்றால்தான் என் அக்காவைத் தெருவில் தெரியும். பல வருடமாகச் சலவைக் கடையில் சட்டை தேய்க்கிறாள். காலரில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மடிக்க விடமாட்டாள். அவள் வாயும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே சூடு என்பார் அத்தான். அதையும் அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்.

போன மழைக்காலத்தில் அவளுக்குச் சாதாரண ஜலதோஷம் வந்து போனது. போன கையோடு கால் முழுக்க ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். பல் தேய்த்தால் ரத்தம். மேஜை முனையில் லேசாக இடித்த இடம்கூடக் கருநீலமாகக் கன்றிப்போனது. பரிசோதனையில் தட்டணுக்கள் அதலபாதாளத்தில் இருந்தன.

"வைரஸை அடிக்க உங்க உடம்பு ஆளுங்களைக் கிளப்பி விட்டுச்சும்மா. வைரஸ் போயிடுச்சு, இவங்க தடியைக் கீழ போடல. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுவையே எதிரின்னு நெனச்சு அடிக்கிறாங்க" என்றார் டாக்டரம்மா.

"எங்க சொந்தக்காரங்க மாதிரியே இருக்கு" என்றாள் அக்கா.

மாத்திரையில் முகம் உப்பியது, தூக்கம் போனது, எண்ணிக்கை ஏறியது. அடுத்த சளியில் மறுபடி சரிந்தது. சளி பிடித்தவர்கள் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா மகள் வாண்டு பள்ளிக்கூடம் போகிறவள். அவளுக்கு மூக்கு ஒழுகாத மாதம் ஏது? அவள் தும்மினால் போதும், கதவுக்குப் பின்னால் தயாராக இருக்கும் துணிப்பையோடு அக்கா என் வீட்டுக்கு வந்துவிடுவாள். சோபாவில் சாய்ந்து மகளை போனில் பார்த்துக்கொண்டே கிடப்பாள். பார்க்கிற எனக்கே அலுத்துவிட்டது.

அப்புறம் கொஞ்ச காலம் பை அசையவில்லை. வாண்டுக்குச் சளியே பிடிக்கவில்லை. கண் பட்டுவிடுமோ என்று நான் வாயே திறக்கவில்லை.

ஒரு காலையில் அக்கா போன் செய்தாள். "மறுபடி புள்ளி வந்திருக்குடி." குரலில் பயம்கூட இல்லை, வெறும் களைப்பு.

ஓடினேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பும் அவசரத்தில் மருந்துச் சீட்டைத் தேடி வாண்டின் படுக்கையை உதறினால், தலையணை உறைக்குள்ளிருந்து விறைத்துப்போன கைக்குட்டைகள் விழுந்தன. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு தும்மியிருக்கிறாள், பாவி மகள்.

"ஏண்டி சொல்லல?" கத்திவிட்டேன்.

"சொன்னா அம்மா போயிடுவாங்க, சித்தி."

அக்கா பையைத் தூக்கியதும் வாண்டு அதன் காதைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே தும்மவே மாட்டேம்மா."

அக்கா முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். அந்த நிலையிலும் மடிப்புக் கலையவில்லை.

"நல்லா சத்தமா தும்முடி, செல்லம். இனிமே நான் சித்தி வீட்டுக்குப் போகல. டாக்டரைப் பார்த்துட்டு இங்கதான் வருவேன்."

இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்க வாயெடுத்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று காலிப் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனேன்.