நான்காம் அறையின் சிவப்புத் தண்ணீர்

எங்கள் தொற்றுநோய் வார்டில் அவரை எல்லோரும் ‘மட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் மட்டம் பார்த்து எழுதுவதுதான் இருபத்தேழு வருஷம் அவர் செய்த வேலை. வீட்டில் டீ கொடுத்தால்கூட இரண்டு டம்ளரும் ஒரே அளவில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார் என அவர் மனைவி என்னிடம் சலித்துக்கொண்டதுண்டு. நான் அதே வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்.

ஒவ்வொரு தனியறைக்கு வெளியேயும் சுவரில் காற்றழுத்தம் காட்டும் மானோமீட்டர் ஒன்று இருக்கும். வளைந்த கண்ணாடிக் குழாய், பாதிவரை சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். ஒரு வாய் வராந்தாவில் திறந்திருக்கும். மற்றதிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று சுவரைத் துளைத்து அறைக்குள் போகும். விசிறி அறைக் காற்றை வெளியே இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறையும். அறைப்பக்கத் தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்கும். அப்படி நின்றால் நோய்க்காற்று வராந்தாவுக்கு வராது. ரப்பர் குழாயைக் கழற்றி, இரண்டு பக்கமும் சமமாகிறதா என்று பார்க்காமல் அவர் எந்த அளவையும் எழுதியதில்லை.

நான்காம் அறையில் ஒரு இளம்பெண் இறந்துபோனாள். மறுநாள் காலை உடலை எடுத்தார்கள். மதியம் அறைக்குள் மருந்துப்புகை போட ஏற்பாடு. விசிறியை நிறுத்தி, கதவிடுக்கில் பட்டை ஒட்டியாகிவிட்டது. இனி தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாக, அசையாமல் நிற்க வேண்டும். மட்டம் ‘பூஜ்யம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புகையைத் திறப்பார்கள்.

தண்ணீர் நிற்கவில்லை. அறைப்பக்கம் மயிரிழை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவர் ரப்பர் குழாயைக் கழற்றினார், சட்டென்று அடங்கியது. மாட்டினார், திரும்பத் தொடங்கியது. கோளாறு கண்ணாடியில் இல்லை. என்னைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். மூச்சு எண்ணுவது எனக்குப் பழக்கம். கடிகாரத்தைப் பிடித்து எண்ணினேன். நிமிஷத்துக்குப் பதினெட்டு.

வார்டு மேற்பார்வையாளருக்குப் பொறுமை போய்விட்டது. புகை போடுகிறவர் அடுத்த வார்டுக்குப் போக வேண்டும் என்று குதித்தார்.

“செத்தவங்க மூச்சு விடுறாங்கன்னு எழுதப் போறியாய்யா? கையெழுத்தப் போடு.”

“பூஜ்யம் வராம எழுத மாட்டேன் சார். உள்ள யாராவது இருந்தா?”

“நானே பார்த்துட்டுத்தான் பூட்டினேன்.”

“கட்டிலைப் பார்த்திருப்பீங்க.”

சொல்லிவிட்டு மட்டமே பட்டையைக் கிழித்துக் கதவைத் திறந்தார். வேலை போய்விடும் என்று பின்னால் இருந்து சத்தம் வந்தது. நான் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். கட்டில் காலி. கழிவறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, கையில் ஒரு சீப்போடு, இறந்தவளின் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். நான்கு நாள் கண் மூடாதவள். தங்கையின் சீப்பை எடுக்க வந்தவளை யாரும் கவனிக்கவில்லை. புகை திறந்திருந்தால் அந்தத் தூக்கத்திலிருந்து அவள் எழுந்திருக்கவே மாட்டாள். தட்டி எழுப்பி வெளியே அழைத்து வந்தேன்.

மேற்பார்வையாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழாய்மேல் சாய்ந்திருப்பாள், அதனால்தான் ஆடியிருக்கிறது என்றார். மட்டம் கையை நீட்டிக் காட்டினார். ரப்பர் குழாயின் வாய் எதிர்ச்சுவரில், கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே இருந்தது. அவள் இருந்த இடத்துக்கும் அதற்கும் பத்தடி இருக்கும்.

கட்டிலடி, அலமாரி, கழிவறை எல்லாவற்றையும் மட்டம் இரண்டு முறை பார்த்தார். மறுபடி பட்டை ஒட்டினார்கள். தண்ணீர் சமமாக நின்றது. கால் மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புகையைத் திறந்தார்கள்.

உள்ளே புகை சேரச் சேர அழுத்தம் கூடும். அறைப்பக்கத் தண்ணீர் இறங்க வேண்டும். அது ஏறியது. யாரோ மூச்சை உள்ளே இழுத்ததுபோல மெதுவாக ஏறி, ஒரு கணம் நின்று, பிறகு இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான்.

“பார்த்தீங்களாக்கா?” என்றார் மட்டம்.

பார்த்தேன். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, கதவை இனி மறுநாள்தான் திறக்க முடியும், அதுவரை அந்த மனுஷன் தூங்க வேண்டும். “இல்லண்ணே” என்றேன்.

காலையில் கதவு திறந்ததும் முதலில் உள்ளே போனவர் அவர்தான். யாரும் இல்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, நான்காம் அறைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கதவைத் தட்டி, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பார். புதிதாக வந்தவர்கள் கேலி செய்வார்கள். அவர் தட்டும்போது நான் வராந்தாவின் மறுகோடிக்கு ஏதாவது வேலையாகப் போய்விடுவேன்.