ஆளுக்கு ஒரு கார்டு

மதுரையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற அந்தக் கடைக்காரர் மேஜையின் ஒரு பக்கம் இரண்டு அட்டைப்பெட்டிகளை வைத்தார். மறுபக்கம் நீளமான ஒரே பெட்டியை வைத்தார். "ரெண்டு கார்டு போட்டாலும் சரி, ரெண்டு சிப்பு வச்ச இந்த ஒத்தக் கார்டு போட்டாலும் சரி, வேகம் கிட்டத்தட்ட ஒண்ணுதேன். பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

பேசி முடிவு பண்ண வேண்டியவர்கள் இரண்டு பெண்கள். நானும், என்னோடு பாலிடெக்னிக்கில் சிவில் படித்த என் சிநேகிதியும். அருப்புக்கோட்டையில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் ஒன்றாக வேலை பார்த்தோம். பிறகு வெளியே வந்து, உரக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து, சொந்தமாக எலிவேஷன் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தோம். கட்டப்போகிற வீட்டின் முகப்பு எப்படி இருக்கும் என்று போட்டோ மாதிரி முன்கூட்டியே காட்டுகிற வேலை அது. எங்கள் பக்கம் மழையை நம்பிய கரிசல் காடு. பெய்தால் பருத்தியும் கம்பும், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. இருந்தாலும் வீடு கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். மகன் துபாயில் இருக்கிற வீடு, மருமகள் டீச்சராக இருக்கிற வீடு என்று அஸ்திவாரம் தோண்டும் முன்பே எல்லாருக்கும் தங்கள் வீட்டைப் பார்த்துவிட வேண்டும்.

சுவரும் தூணும் நாங்கள் வரைவோம். அதன்மேல் வெயிலையும் நிழலையும் விழவைப்பது கம்ப்யூட்டர். எங்களிடம் இருந்த பெட்டி அதற்கு அரைநாள் எடுத்துக்கொள்ளும். அதுவரை வேறெதுவும் செய்ய விடாது. நாங்கள் இருவரும் அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருப்போம். அதனால்தான் கிராபிக்ஸ் கார்டு வாங்க மதுரைக்கு பஸ் ஏறினோம்.

எனக்கு ஒற்றைக் கார்டுதான் சரி என்று பட்டது. எங்கள் பெட்டியின் மதர்போர்டில் கார்டு செருக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. இரண்டு கார்டு வாங்கினால் போர்டையும் மாற்ற வேண்டும், பெரிய கேபினட் வேண்டும். இரண்டும் ஒட்டி ஒட்டி நிற்கும் என்பதால் சூடும் அதிகம். இதையெல்லாம் நான் அடுக்கிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ரெண்டாவே வாங்கிருவோம்" என்றாள்.

"ஏன்டி? காரணம் சொல்லு."

"நாளைக்கு நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு ஆச்சுன்னா, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடலாம்ல."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பிரிவதைப் பற்றிப் பேசுகிறாளே என்று இருந்தது. "இன்னொரு நாள் வாரோம்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் வேண்டுமென்றே வேறு சீட்டுக்குப் போனேன்.

அதன்பின் ஆபீஸில் வேலைப் பேச்சு மட்டும்தான். "ஜன்னல் அளவு என்ன?" "நாலுக்கு நாலரை." அவ்வளவுதான். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டாள். ஒரு பார்ட்டியின் பிளான் அவளுடைய பென்டிரைவில் இருந்தது. அதை வாங்குகிற சாக்கில் திருச்சுழி ரோட்டில் இருக்கிற அவள் ஊருக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். கோபம் இருந்தாலும் அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் நிஜம்.

அவள் அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் எங்களைப் போன்ற சம்சாரி வீடுகளின் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அப்பா இப்போது ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன். அம்மா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வா தாயி. உள்ள படுத்திருக்கா, போய்ப் பாரு" என்றார்கள்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "ரெண்டும் சொந்த மாடுங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவர்கள் சிரித்தார்கள். "சொந்த மாடுதேன். இனிமே பங்கு மாடே வேணாம்னு இவதேன் ஒத்தக்கால்ல நின்னா."

உள்ளேயிருந்து, "ம்மா, அத விடும்மா" என்று அவள் குரல் வந்தது.

அம்மா விடவில்லை. அவள் சின்ன வகுப்பு படிக்கும்போது, அந்த ஊர்ப் பெரிய வீடு ஒன்றிலிருந்து ஒரு கிடாரிக் கன்றைப் பங்குக்கு வளர்க்க வாங்கியிருக்கிறார்கள். கன்று அவர்களுடையது, தீனியும் பாடும் இவர்களுடையது, ஈன்றபின் பாதிக்குப் பாதி என்பது பேச்சு. மாடு சினையாகி, ஈனப்போகும் முன் மடி இறங்குகிற நேரத்தில் பெரிய வீட்டு ஆள் வந்து அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், வீட்டில் பால்மாடு வேண்டுமாம்.

"பாதி எங்களுதாச்சேன்னு கேட்டேன். ஆமா, உன் பாதி இங்கதான நிக்குது, வேணும்கிறப்ப வந்து பால் வாங்கிக்கன்னுட்டாக. பாதி மாட்ட எப்படித் தாயி பிடிச்சிட்டு வர முடியும்? இவதேன் சொம்பத் தூக்கிட்டுப் போவா. கொல்லை வாசல்ல நிக்க வச்சு, எல்லாரும் வாங்குன பெறகு ஊத்துவாக. ஒருநாள் வெறுஞ்சொம்போட வந்தவ, பெறகு போகவே மாட்டேன்னுட்டா."

அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். பென்டிரைவைக் கொடுத்தாள். ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்தவள், ஆட்டோ வருகிற நேரத்தில் சொன்னாள்.

"அன்னைக்கு ஒன்னையச் சொல்லல புள்ள. ஒன்னைய அப்படி நினைச்சிருந்தா ஒங்கூட வந்திருப்பேனா? ஆனா எனக்கு ஒண்ணு வேணும்னா அது தனியா கையில பிடிக்கிற மாதிரி இருக்கணும். இல்லாட்டி என்னால நிம்மதியா வேலை பாக்க முடியாது."

"கடையில வச்சுச் சொல்லியிருக்க வேணாம்."

"ஆமா. அது தப்புதேன்."

"சரி, ரெண்டாவே வாங்குவோம்" என்றேன்.

மனம் முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெரிய வீட்டோடு என்னையும் ஒரு கணமாவது சேர்த்து நினைத்திருக்கிறாள் என்பது உறுத்தியது. அன்று சாப்பிடும்போது அப்பாவிடம், "நம்ம வீட்ல பங்குக்கு மாடு விட்டிருக்கோமாப்பா?" என்று கேட்டேன். "அப்பல்லாம் எல்லாரும் விட்டதுதேன்" என்றார். "கணக்கு ஒழுங்கா முடிச்சமா?" என்றதற்கு அவர் மோர் கேட்டார். அதன்பிறகு எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

இரண்டு கார்டும், புது போர்டோடு பெரிய கேபினட்டும் வந்தன; பழைய பெட்டி அறை மூலைக்குப் போனது. அரைநாள் வேலை ஒரு சினிமா பார்க்கிற நேரத்துக்குச் சுருங்கியது. வேலை ஓடும்போதும் இன்னொரு வரைபடத்தைத் திறந்துவைத்துத் தட்டிக்கொண்டிருக்கலாம். சித்திரை வந்ததும் நான் பயந்தபடியே சூடு பிடித்தது. மொட்டைமாடிக்குக் கீழே இருந்த அறை; மேல் கார்டு கொதித்து, கம்ப்யூட்டர் பாதிப் படத்தில் அணைந்துவிடும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, எங்களுக்கு இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் முன்னால் திருப்பி வைத்தாள். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "காசு குடுக்கிறவன் இங்க வேகுறேன், தகரப் பெட்டிக்குக் காத்தாக்கும்?" என்றார். "அது நின்னுச்சுன்னா ஒங்க வீடும் நின்னுரும்ணே" என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டு, பால்கனிக்கு மயில் வேண்டும் என்றார். அவர் கேட்டபடியே மயில் வைத்தோம்.

அதற்கு அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை லோடு வண்டி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், வேலையை விடச் சொல்லவில்லை. ஆனால் அவள் உண்டானபோது டாக்டரம்மா பஸ்ஸில் அலையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டிய நாளும் நெருங்கியது. கையில் எம்.ரெட்டியபட்டி வீடு ஒன்று பாதியில் நின்றது.

ஒருநாள் சாயங்காலம் அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரொம்ப நேரம் கேபினட்டையே பார்த்தாள். "ஒரு கார்ட எடுத்துட்டுப் போகவா? அந்தப் பழைய போர்ட்ல போட்டு வீட்ல இருந்தே பாப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு, "நீ வேற மாதிரி நினைக்கக் கூடாது" என்றாள்.

"வேற மாதிரின்னா?"

"பிரிஞ்சு போறேன்னு."

"எடுத்துட்டுப் போடி" என்றேன். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. மறுநாள் கீழ்க் கார்டைக் கழற்றுவது அப்படி இல்லை. அந்த இடம் காலியாக, இருட்டாகத் தெரிந்தது. மதுரைக் கடையில் எதை நினைத்துப் பயந்தேனோ அதை என் கையாலேயே செய்துகொண்டிருந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு பழைய துப்பட்டாவில் கார்டைச் சுற்றினாள். அவள் வீட்டுக்காரர் வண்டியில் பழைய பெட்டியை ஏற்றினார். நான் கார்டை மடியில் வைத்துக்கொண்டு கூடவே போய், அவள் அம்மா வீட்டில் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் அவள் அம்மா சூடம் ஏற்றிக் காட்டினார்கள்.

அடுத்த நாள் காலையில் ஆபீஸ் பூட்டைத் திறக்கும் முன்பே போன் வந்துவிட்டது.

"ரெட்டியபட்டிக்காரருக்கு மாடிப்படி கைப்பிடி ஸ்டீலா, கல்லா?"

"ஸ்டீலு. நேத்தே சொன்னேன்ல."

"கல்லு வச்சா நல்லாருக்கும். வச்சு அனுப்புறேன், பாரு."

வைத்து அனுப்பினாள்; நன்றாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு கார்டு என்பதால் வேலை மெதுவாகத்தான் நடந்தது. நெட் கிடைக்காத நாளில் அவள் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டைக்கு லோடு கொண்டுவரும்போது பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போவார். பெண் குழந்தை பிறந்த பிறகும் அப்படியே ஓடியது. போனில் அவள் தூண் உயரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் குழந்தை அழும், தொட்டில் கம்பி கிரீச்சிடும். "இருடி, இந்தா வாரேன்" என்று அவள் சொல்வது என்னிடமா குழந்தையிடமா என்று தெரியாமல் நான் காத்திருப்பேன். அவளிடம் அந்தக் கார்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், அந்த மாதங்களில் அவள் வேலையை விட்டிருப்பாள்; நானும் பழைய இன்ஜினியர் ஆபீஸுக்கே திரும்பியிருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

குழந்தை நடக்க ஆரம்பித்ததும் மறுபடி ஆபீஸுக்கு வந்துவிட்டாள். இப்போது இரண்டு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், தரையில் பிஸ்கட் தூள்.

போன தை மாதம் கீழே உரக்கடை காலியானது. கட்டிடக்காரர் மேலே வந்து, கீழேயும் எடுத்துக்கொள்கிறீர்களா, ஒப்பந்தத்தை யார் பேரில் போட என்று கேட்டார். "ஒருத்தர் பேர் போதும். பெறகு எனக்குச் சிக்கல் வேணாம்" என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாரோ ஒருவரின் வீட்டுக்கு மதில் சுவர் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரு பேரும் சேத்தே போடுங்கண்ணே" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தக் கேட்டுக்குப் பச்சை நல்லாருக்கா, காப்பிக் கலரா?" என்றாள்.