விடாதடா!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரின் பிரேக் பெடல், மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுநாள் மாமியாரைக் கண் ஆபரேஷனுக்கு வேலூர் அழைத்துப் போக வேண்டும். மெக்கானிக் ஊரில் இல்லை.

"பிரேக் லைன்ல காத்து பூந்துக்கிச்சு. நானே எடுத்துடுவேன்" என்றார் என் கணவர்.

ஃபேக்டரியில் மெஷின்களோடு வாழ்ந்தவர்... நம்பலாம். ஆனால் இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டி நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்றி மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் போச்சு. காற்று மறுபடி உள்ளே!

"வாம்மா, வந்து மிதி."

"முட்டி வலிங்க" என்றேன். பொய்தான்! பக்கத்து வீட்டில்தானே என் கொழுந்தன் இருக்கிறார்? லைன் வீடு, நடுவில் ஒரே சுவர். வெளிச்சுவருக்கு என்ன பெயிண்ட் என்ற தகராறில் அண்ணனும் தம்பியும் பேசி மாதக்கணக்காகிறது.

"அம்மாவுக்காக" என்று நான் போய்க் கூப்பிட்டதும் கொழுந்தன் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

"மிதிக்கச் சொல்லு" – கீழே படுத்திருந்த இவர்.

"மிதிச்சிட்டேன்னு சொல்லுங்க அண்ணி" – மேலேயிருந்து அவர்.

வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால், கஷ்டம் அவர்களுக்கா? நடுவில் நிற்பவருக்குத்தானே!

"தொறந்துட்டேன், விட வேணான்னு சொல்லு" என்று இவர் சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் அவர் காலை எடுத்துவிடுவார். நிப்பிளில் மாட்டியிருந்த ட்யூபில் வந்த காற்றுக் குமிழியெல்லாம் திரும்ப உள்ளே போகும். மறுபடி முதலிலிருந்து... மறுபடியும்...

கடைசியில் இவருக்குப் பொறுக்கவில்லை.

"டேய், விடாதடா!"

"விடலண்ணா! நீ மொதல்ல மூடு!"



அதோடு என் வேலை போயிற்று. "அமுக்கு", "அமுக்கிட்டேன்", "புடி", "புடிச்சிக்கினுதான் இருக்கேன், நீ இன்னா தூங்கறியா?" – சக்கரம் சக்கரமாக நகர்ந்தார்கள். முடித்தபோது பெடல் கல் மாதிரி நின்றது.

பக்கத்திலிருக்கும் ஊரிகம் ரயில்வே ஸ்டேஷன் வரை ஓட்டிப் பார்ப்பதாகப் போனவர்கள், மத்தியானம்தான் பிரியாணிப் பொட்டலங்களோடு திரும்பினார்கள்.

சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தது. பிரேக் சரியானது அண்ணன் கையாலா, தம்பி காலாலா? குரல் ஏறிக்கொண்டே போனது.

உள்ளே கட்டிலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமியார் பதறினார். "மறுபடியுமா? இன்னான்னு கேளும்மா!"

"நேருக்கு நேராத்தான் கத்திக்கறாங்க அத்தே... நீங்க நிம்மதியா சாப்புடுங்க!"