எல்லாரையும் வரைந்தான், என்னைத் தவிர

எங்கள் தியேட்டர் கேண்டீனில் பப்ஸ் அடுக்கிவைக்கும் கண்ணாடிப் பெட்டியின்மேல் ஒரு கலர் பிரிண்ட் அவுட் ஒட்டியிருந்தது. துடைப்பத்தை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, ஆளில்லாத ஹாலின் நடுவே ஒரு அக்கா ஆடிக்கொண்டிருப்பார். தலைக்குமேல் துணித்துண்டுகள் மழையாக விழும். இடைவேளையில் பப்ஸ் வாங்க வருகிறவர்கள் காசை நீட்டியபடியே அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். யார் வரைந்தது என்று கேட்பார்கள். கேண்டீன்காரர் பெருமையாக, "நம்ம டிக்கெட் தம்பியோட அத்தை பையனுங்க" என்பார். டிக்கெட் தம்பி நான். வரைந்தது அவன். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நான் பல்லடத்தில் ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவன் அங்கே எதற்கு உட்கார்ந்தான் என்று ஊரே கேட்டது. சினிமா பைத்தியம் என்று பதில் சொல்வேன். வேறு வேலை கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அத்தை பையன் சாமளாபுரம். அங்கேரிபாளையம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைனர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பும் படத்தை டீ-ஷர்ட்டில் அடிப்பதற்காகக் கோரல்டிரா என்கிற கம்ப்யூட்டர் புரோகிராமில் மவுஸாலேயே திரும்ப வரைகிற வேலை. ஒவ்வொரு கலருக்கும் தனி அச்சு ஸ்கிரீன் செய்ய வேண்டும் என்பதால் நாலு கலருக்கு மேல் போனால் முதலாளி முறைப்பார். அந்தப் பழக்கத்திலேயே ஒரு காமிக்ஸையும் ஆரம்பித்தான். எங்கள் தியேட்டர் ஆட்களைப் பற்றிய காமிக்ஸ், இன்டர்நெட்டில் இலவச பிளாக் ஒன்றில், வாரம் ஒரு பக்கம், நாலே கலர்.

கதையெல்லாம் என்னுடையது. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மேட்னிக்கும் ஈவினிங் ஷோவுக்கும் நடுவில் பஸ் ஸ்டாண்டு எதிர் பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றபடி நான்தான் அவனிடம் அளப்பேன். சேவூர்க்காரரான எங்கள் ஆபரேட்டர் அண்ணன் ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிப்பதற்காக ரெண்டாவது பாட்டை வெட்டிவிடுவதையும், "எங்கடா பாட்டு?" என்று ஜனம் கத்தினால் கேபின் ஓட்டையில் வாயை வைத்து, "பாட்டு சுமாருங்க, உங்க நல்லதுக்குத்தானுங்க" என்று பதில் சொல்வதையும் நான்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஹீரோ வரும் சீனில் மற்ற ஊர்களில் பேப்பரைக் கிழித்து வீசுவார்கள். இங்கே பனியன் கம்பெனிப் பையன்கள் துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டை மூட்டையாகக் கொண்டுவந்து வீசுவார்கள். ஹாலைக் கூட்டுகிற அக்கா விருதுநகர்ப் பக்கம். "பேப்பருன்னா ஒரு தள்ளுல போயிரும். இது சீட்டுல அட்டையா ஒட்டிக்கிருது. அந்த ஹீரோவ வந்து பெறக்கச் சொல்லுங்க!" என்று என் டிக்கெட் கவுண்டருக்கே வந்து திட்டுவார். அதையும் நான்தான் சொன்னேன்.

ஆனால் ஷோ முடிந்தபின் அக்கா அந்தத் துண்டுகளை அள்ளித் தன் தலைக்குமேலேயே வீசிக்கொண்டு ஆடுகிற அந்தக் கடைசிக் கட்டம் இருக்கிறதே, அதை நான் சொல்லவில்லை. அது அவன் போட்டது. பிரிண்ட் அவுட்டைப் பார்த்த அக்கா முதலில் சிரித்தார். பிறகு என்னை ஓரமாக இழுத்து, "தம்பி, கதவச் சாத்திட்டுல்ல ஆடுனேன்? அந்தப் புள்ள எங்கிட்டு நின்னு பாத்துச்சு?" என்றார்.

எனக்கு வயிறு பற்றிக்கொண்டது. தினமும் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன் நான். அவன் தியேட்டருக்குள் வந்ததே நாலைந்து தடவைதான் இருக்கும்.

எனக்கும் ஒரு பிளாக் இருந்தது. உலக சினிமா பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவேன். ஒளி, நிழல், மௌனம் என்றெல்லாம் போட்டுத் தாக்குவேன். வந்த கமெண்டுகள் இரண்டு. ஒன்று, அமெரிக்காவில் லாட்டரி விழுந்திருப்பதாகச் சொன்னது. இன்னொன்று நான் போட்டது. அவனுக்கோ மஸ்கட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கமெண்ட் குவிந்தது. "எங்க ஊரு தியேட்டர் ஞாபகம் வந்துருச்சு பாஸ்" என்று ஒருத்தர் எழுதியதை அத்தையிடம் காட்டியிருக்கிறான். ஒரு தடவை சாமளாபுரம் போனபோது அத்தை எனக்குக் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே, "ஏங்கண்ணு, நீயும் கம்ப்யூட்டர்தான படிச்ச? அவனாட்ட ஏதாச்சும் பண்ணுலாமில்ல?" என்றார். நல்ல குழம்பு. தொண்டையில் இறங்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தக் காமிக்ஸில் நான் இல்லை என்பதுதான் தாங்கவில்லை. ஆபரேட்டர் அண்ணன் இருந்தார். அக்கா இருந்தார். கேண்டீன்காரர் இருந்தார். பைக் ஸ்டாண்டில் படுத்திருக்கும் நாய்க்குக்கூட ஒரு வாரம் முழுப் பக்கம் கிடைத்தது. டிக்கெட் கவுண்டர் வரும்போது மட்டும் ஒரு ஓட்டை, அதிலிருந்து நீளும் ஒரு கை. அவ்வளவுதான். அந்தக் கையும் என்னுடையதில்லை. கரடிக்கு இருக்கிற மாதிரி அத்தனை முடி. என் மூஞ்சி ஒரே ஒரு கட்டத்தில் வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. அதற்காகக் கதைகளை அளந்தேன். கள்ள டிக்கெட் விற்றவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டேன் என்றேன். ரிலீஸ் அன்று கூட்டத்தை ஒற்றைப் பார்வையால் அடக்கினேன் என்றேன். அவன் பன்னைத் தின்றபடி "ம், ம்" என்று கேட்டுக்கொண்டான். அடுத்த வாரம் மறுபடி நாய் வந்தது.

ஒரு மதியம் நேராக அவன் கம்பெனிக்கே போய்விட்டேன். டிசைன் ரூமில் தனியாக இருந்தான். ஏதோ ஒரு குழந்தை டீ-ஷர்ட்டுக்கு யானைப் படம் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, நாய வரையற, என்னைய வரைய மாட்டீயா?"

அவன் திரும்பாமலே சொன்னான்: "நீ உன்னையப் பத்திச் சொல்றதெல்லாம் சினிமா மாப்ள. வரைஞ்சா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"உன்னால ஒரு பூனையக்கூட அடக்க முடியாது. ஊருக்கே தெரியும். நெசமா ஏதாச்சும் இருந்தாச் சொல்லு."

கோபத்தில் உண்மை வாயில் வந்துவிட்டது. வந்ததை நிறுத்த முடியவில்லை. "நெசமா? தெனமும் பிரவுசிங் சென்டர் போயி உனக்கு எத்தன கமெண்ட்டுன்னு உனக்கு முந்தி நான் பாக்கறன்டா. ஒண்ணுமே வரலீன்னா அன்னைக்கு எனக்குச் சோறு நல்லா எறங்குது. எவனாச்சும் நல்லாருக்குன்னு எழுதிட்டா, டிக்கெட் வாங்க வர்றவன் மேல எரிஞ்சு விழறன். போதுமா? அத்தை கறிக்கொழம்பு ஊத்துனதுகூட எறங்குலடா!"

அவன் யானையை மூடினான். சிரிக்கவில்லை. புதுப் பக்கம் திறந்து, மவுஸைப் பிடித்து, "எரிஞ்சு விழறன்னியே, எப்பிடி விழுவ? செஞ்சு காட்டு" என்றான். நானும், மானங்கெட்டவன், செய்து காட்டினேன்.

அந்த வாரம் டிக்கெட் கவுண்டருக்குள் முதல் முறையாக ஒரு மூஞ்சி வந்தது. என் மூக்கு, என் மீசை. வயிற்றிலிருந்து புகை கிளம்பிக் கவுண்டர் ஓட்டை வழியாக வெளியே வருகிறது. வரிசையில் நிற்கிறவர்கள் இருமுகிறார்கள். "தியேட்டருல நெருப்புங்க!" என்று ஆபரேட்டர் அண்ணன் வாளியோடு ஓடிவருகிறார். எதிர் வரிசையில் ஒருத்தன் இன்னொருத்தனைப் பாராட்டப் பாராட்டப் புகை கூடுகிறது. கேண்டீன் பெட்டியில் அக்கா ஆடுகிற படத்தைக் கிழித்துவிட்டு இதை ஒட்டினார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, தம்பி நீங்களேதான்!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்தடுத்த வாரங்களிலும் அந்தப் புகைக்காரனையே கேட்டு பிளாக்கில் எழுதினார்கள். அதுவரை யாருக்கும் வராத அளவுக்குக் கமெண்ட் வந்தது. எனக்கு வர வேண்டியதை அந்தப் புகைக்காரனும் தட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அவன் நான்தான் என்பது புத்திக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை.

மஸ்கட்காரர் எழுதியிருந்தார்: "இப்படி ஒரு ஆளை எப்படிங்க யோசிச்சீங்க? கற்பனையில உங்கள அடிச்சுக்க ஆளில்லீங்க." அத்தை பையன் கீழே பதில் போட்டிருந்தான்: "சும்மா தோணுச்சுங்க."

சும்மா தோணுச்சாம்.

அவன் இப்போது சென்னையில் ஏதோ கம்ப்யூட்டர் கேம் கம்பெனியில் படம் வரைகிறான். நான் தியேட்டரை விட்டுவிட்டு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையருக்குச் சாம்பிள் அனுப்பிவிட்டு வராத பதிலுக்கு மெயிலைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் வேலை. அந்தப் பழக்கம் எனக்கு ஏற்கெனவே இருந்ததால் சுலபமாக வந்துவிட்டது. போன வாரம் போன் செய்தான். காமிக்ஸை மறுபடி ஆரம்பிக்கப் போகிறானாம், புத்தகமாகவே போடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம். "வேற ஏதாச்சும் இருக்குதா மாப்ள? நெசமா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். அந்த "ங்க"வில் நான் எதையோ மறைக்கிறேன் என்று அவனுக்குப் புரிந்திருக்கும்.

இருக்கிறது. இது இருக்கிறது. அவன் கோரல்டிராவைத் திறப்பதற்குள், ஆபீஸ் மெயிலை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு, எழுத்துப் பிழையைக்கூடப் பார்க்காமல் இதை நானே டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.