ஆட்டுக்குட்டிக் குண்டும் எங்கள் அப்பாவும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் வீட்டுக்கு அப்பா ஒரு முறையாவது சைக்கிளில் வந்திருப்பார்கள். வந்தவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நாற்காலியைக் காட்டினால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசுவார்கள். காப்பி வருவதற்குள் தொழுவத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களை ஓராண்டாக ஒரு படச் சட்டத்துக்குள் நிறுத்தி வைத்திருப்பது எங்களுக்கு இன்னும் பழகவில்லை.

அப்பா பிறந்தது மேலநீலிதநல்லூருக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் ஆடுதான் கதி. தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்ததால், தம்பி தங்கைகளைக் கரையேற்றும் பாரம் அப்பாவின் தலையில் விழுந்தது. ஆடு மேய்த்துக்கொண்டே பள்ளிப் படிப்பை முடித்து, பயிற்சி பெற்று, சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்ந்தார்கள். அம்மாவைக் கைப்பிடித்ததும், நாங்கள் மூன்று பேர் பிறந்ததும் இந்த ஊரில்தான். சுற்று வட்டாரத்தில் மாடு ஈனமுடியாமல் தவித்தாலும், ஆட்டுக்குக் கழிச்சல் கண்டாலும் அப்பாவுக்குத்தான் ஆள் வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பியதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கோலிக்குண்டு சேர்க்கும் பழக்கம் அப்பாவுக்கு எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். அது ஒரு கன்றுக்குட்டியால் வந்தது. பனவடலிசத்திரத்தில் ஒரு வீட்டில் கன்று எதையோ விழுங்கி, தொண்டை அடைத்து, விழி பிதுங்கிக் கிடந்திருக்கிறது. அப்பா வாய்க்குள் கையை விட்டு வெளியே எடுத்தது ஒரு கண்ணாடிக் குண்டு. வாளித் தண்ணீரில் கழுவி வெயிலில் தூக்கிப் பார்த்தார்களாம். உள்ளே சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக நூல் முறுக்கினதுபோல் கோடுகள். கடையில் விற்கும் குண்டில் அப்படி ஒரு வேலைப்பாட்டை அப்பா பார்த்ததில்லை.

"அத நீரே வச்சுக்கிடும் கம்பவுண்டரே. கன்னுக்குட்டி பொழச்சுச்சே, அது போதும்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து போகிற வீடுகளில் எல்லாம், ஊசி போட்டுக் கையைக் கழுவியதும் அப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வீட்டுல பழைய குண்டு ஏதும் கெடக்கா தாயீ?" கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பிழைக்கப் போய்த் திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டிகளில் அவை கிடந்தன. பழைய குண்டை இனம் காண அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. கையால் செய்த குண்டில், கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டி எடுத்த இடம் சிறு வடுவாக இருக்கும். கட்டைவிரலால் உருட்டி உருட்டி அந்த வடுவைத் தேடுவார்கள். கிடைத்துவிட்டால் முகமே மாறிவிடும். சோடாக் குண்டை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். ஆடித்தபசுக்கு ஊரே அம்மனைப் பார்க்க நெருக்கியடிக்கும்போது அப்பா பழைய சாமான் கடைகளில் குனிந்து துழாவிக்கொண்டிருப்பார்கள்.

குண்டுகள் ஒன்றோடொன்று மோதினால் விளிம்பு தெறித்துவிடும் என்று அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கினார்கள். அம்மா கடுகையும் சீரகத்தையும் பழைய டப்பாக்களுக்கு மாற்றினார்கள். "ஊரு ஒலகத்துல ஆம்பள சீட்டாடுதான், குடிக்கான். எனக்குன்னு வாய்ச்சது இப்படி" என்று அம்மா அலுத்துக்கொள்வார்கள். ஊர் அப்பாவுக்குக் 'குண்டுக் கம்பவுண்டர்' என்று பெயர் வைத்தது. அப்பாவோ ஒல்லியிலும் ஒல்லி. புதிதாக வருகிறவர்கள் ஆளைத் தேடிக் குழம்புவார்கள்.

எமர்ஜென்சிக்கு முந்தைய கோடையில் மழை பொய்த்து, ஆடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பனவடலிசத்திரம் பக்கத்தில் ஒரு ஆட்டுக்காரரின் கிடையைக் காப்பாற்ற அப்பா நாள் தவறாமல் வெயிலில் சைக்கிள் மிதித்தார்கள். பெரும்பாலும் பிழைத்துவிட்டன. அந்த ஆட்டுக்காரர், தம் தகப்பனார் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒரு பெரிய குண்டை அப்பா கையில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவு. தெளிந்த கண்ணாடிக்கு நடுவே, கால் மடக்கிப் படுத்த ஒரு ஆட்டுக்குட்டி, வெள்ளி போல மின்னியது. அது எப்படி உள்ளே போனது என்று பார்த்த யாருக்கும் விளங்கவில்லை. அன்று சாப்பிடும்போதும் அப்பா அதை இடக்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்கள்.

செய்தி ராயகிரிக்கு எட்டியது. அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரும் குண்டு சேர்ப்பவர். சிறு பையனாகக் குடும்பத்தோடு ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். பையில் போட்டு வந்த குண்டுகளில் தொடங்கி நிறையச் சேர்த்திருந்தார். ஆட்டுக்குட்டியைப் பார்த்த நாள் முதல் அவரால் தரிக்க முடியவில்லை. சந்தை நாள் தோறும் பஸ்ஸேறி வருவார். ஜன்னலோரம் நின்று குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதற்கு ஈடாகத் தம்மிடம் இருந்ததில் பாதியைத் தருகிறேன் என்றார். அப்பா, "பாத்துட்டுக் குடுங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்வார்கள்.

இப்படிப் போய்வந்த பழக்கத்தில்தான் அவர் தம் மகனுக்கு என்னைக் கேட்டார். மகன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பெண் பார்க்க வந்தவரை எனக்குப் பிடித்திருந்தது. (இதை எழுதலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "தாராளமா எழுது, அந்தக் குண்டு இல்லேன்னா நான் எங்க?" என்றார்.) பேச்சு முடிக்கும் அன்று சித்தப்பா, அத்தை, பெரியவர்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். அண்ணாச்சி வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்:

"நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம் கம்பவுண்டரே. நான் வாயத் தொறக்க மாட்டேன். நிச்சயதார்த்தத் தட்டுல அந்த ஆட்டுக்குட்டிய மட்டும் வச்சிருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அடுக்களை வாசலில் நின்ற அம்மாவும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அண்ணாச்சியும் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றார்கள் அப்பா.

அதன்பின் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அப்பா மத்தியான வெயிலில் முற்றத்தில் நடப்பார்கள். பெட்டியைத் திறப்பார்கள், மூடுவார்கள். காரணமில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், போன வேகத்தில் திரும்புவார்கள். சித்தப்பா வந்து, "எண்ணே, ஒரு கண்ணாடிக் குண்டுதான? தூக்கிக் குடுத்துட்டுப் போவீங்களா" என்று சத்தம் போட்டார். அம்மா பேச்சையே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் நானே கேட்டேன்.

"அப்பா, எனக்காக யோசிக்கீங்களா, குண்டுக்காக யோசிக்கீங்களா?"

அப்பா நடையை நிறுத்தினார்கள். "ரெண்டும்தான் மக்கா. எதுக்கு எவ்வளவுன்னு எனக்கே தெரியல."

வேறு யாராக இருந்தாலும் உனக்காகத்தான் என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பதிலுக்காக அன்று நான் அழுதேன். இன்று அதற்காகவே அப்பாவை அதிகம் மதிக்கிறேன்.

ஒரு நாள் காலையில் குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ராயகிரிக்குப் போனார்கள். பொழுது சாயத் திரும்பியபோது பை கனமாகவே இருந்தது. அம்மா சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றார்கள்.

"குடுக்கத்தான் போனேன். பையில இருந்து எடுத்துட்டேன். அவரு ரெண்டு கையையும் நீட்டினாரு. அப்பத்தான், நம்ம பிள்ளையக் கேட்டு நீட்டின கையா அது, குண்டக் கேட்டு நீட்டின கையான்னு ஒரு சந்தேகம். நானும் வீடு வீடாக் கேட்டு வாங்கினவன்தான். ஒரு பொண்ணக் காட்டி வாங்கினதில்ல. திரும்பிட்டேன்."

"ஊரு என்ன சொல்லும்?" என்றார்கள் அம்மா.

"குண்டுக்காக மகளோட வாழ்க்கையக் கெடுத்தான்னு சொல்லும். சொல்லட்டும்."

ஊர் அப்படித்தான் சொன்னது. சம்பந்தம் முறிந்தது. அண்ணாச்சி வருவதும் நின்றது. அப்பா என்னைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பி ஆசிரியப் பயிற்சி படிக்க வைத்தார்கள். அதற்காகத் தம் தூர ஊர்ப் பயணங்களைக் குறைத்துக்கொள்ளவில்லை, குண்டு தேடுவதையும் விடவில்லை. ஆனால் புதிதாக ஒன்று கிடைத்தால் ஜன்னலோரம் தனியாக நின்று பார்ப்பார்கள். பிறகு தெருவை எட்டிப் பார்ப்பார்கள். யாரும் வர மாட்டார்கள். எனக்கு வேலை கிடைத்து, தென்காசியில் நல்ல இடத்தில் திருமணமும் நடந்தது.

ஓய்வு பெற்ற சில வருடங்களில் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி கண்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கால்கள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. அம்மா கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசுவார்கள், அப்பா எழுந்து உட்கார முயல்வார்கள். ஒரு நாள் மாலை, கம்பு ஊன்றிக்கொண்டு ராயகிரி அண்ணாச்சி வாசலில் நின்றார்.

"என்ன வே, படுத்துட்டீரு?"

"வாங்க அண்ணாச்சி. வரத் தெரிஞ்சுதா?"

பழைய கதையை இருவரும் பேசவில்லை. அண்ணாச்சி கட்டிலோரம் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "குட்டி இருக்கா?" அப்பா தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அண்ணாச்சி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும், அப்பா தம் உள்ளங்கையை விரித்து நீட்டியபடியே இருந்தார்கள். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே அந்தக் கையில் வைத்தார். மறுநாளும் வந்தார். கடைசி நாள் வரை வந்தார். அவர் வருகிற நேரத்தில்தான் அப்பாவின் கால்கள் சற்று ஓய்ந்திருந்தன.

அப்பாவை ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கும், சித்தப்பாவுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தூர ஊர்களிலிருந்து பாலும் இளநீருமாக வந்து நின்ற ஆட்டுக்காரர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ராயகிரி அண்ணாச்சிக்கு நன்றி சொல்ல ஒரு வழியைத்தான் அறிந்திருந்தோம். பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும், அம்மாவின் சம்மதத்தோடு அந்தக் குண்டை ஒரு தாம்பாளத்தில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"இத வச்சு நான் இனி யாரு கண்ணுல காட்டுவேன் தாயீ? வயிறெரியதுக்கு ஆளு வேண்டாமா?" என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது அவர் மறுபடியும் சந்தை நாள்களில் வருகிறார். குண்டை எடுத்துக் காட்டுவது அம்மாவின் வேலையாகிவிட்டது. ஜன்னலோரம் அவர் பக்கத்திலேயே அம்மாவும் நின்றுகொள்கிறார்கள். அதிக நேரம் அவர் கையில் இருக்க விடுவதில்லை.