பாறையில் வெள்ளைத் தடம்

ஹெல்சிங்கியில் முதுகில் மெத்தையைக் கட்டிக்கொண்டு மெட்ரோவில் ஏறினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் சற்று நகர்ந்து இடம் விடுவார், அவ்வளவுதான். போன தை மாதம் விடுமுறையில் செங்கல்பட்டுக்கு வந்தபோது, வீட்டிலிருந்த பழைய ஃபோம் மெத்தையை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு கருங்குழியைத் தாண்டினேன். அதற்குள் பெட்ரோல் பங்கிலும் டீக்கடையிலும் "மெத்த இன்னா வெல?" என்று கேட்டுவிட்டார்கள். விற்பனைக்கில்லை என்றதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

கயிறில்லாமல் சிறு பாறைகளில் ஏறும் விளையாட்டுக்குப் போல்டரிங் என்று பெயர். விழுந்தால் தாங்க மெத்தை, கை வழுக்காமலிருக்க வெள்ளைச் சாக்பொடி. பின்லாந்தில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தனிமை தாங்காமல் பழகிக்கொண்டேன். ஒருமுறை காட்டுக்குள் ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, "மேர்க்கா, மேர்க்கா" என்றார். அந்நியப் பெண்ணைத் துரத்துகிறார் என்று நினைத்து மெத்தையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாறை ஈரமாக இருக்கிறது என்றுதான் அவர் சொன்னார் என்பது, மறுநாள் வேலையிடத்தில் விசாரித்தபோது தெரிந்தது.

கருங்குழிக்கு அப்பால் நான் தேடிப்போன குன்று எந்த வரைபடத்திலும் பெயரில்லாதது. அடிவாரத்தில் வீடளவு உருண்டைப் பாறைகள், முள்செடிகள், ஆளரவமே இல்லை. ஒரு பாறையில் பிடிமானம் தேடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், ஸ்கூட்டியின் அருகில் என் வயதுப் பெண்ணொருத்தி நின்றிருந்தாள். நான் வண்டியிலேயே விட்டிருந்த சாவி, அவளோடு வந்திருந்த அவள் கணவரின் கையில் இருந்தது.

"இன்னா மார்க் போட்டுகினு கீற?" என்றாள்.

"மார்க் இல்லக்கா. கை வழுக்காம இருக்கப் பூசற பொடி."

"வழுக்கற எடத்துல உனக்கு இன்னா வேல? யாரு அனுப்சாங்க, குவாரிக்காரனா?"

அவள் கைகாட்டிய பக்கம் பார்த்தேன். பக்கத்துக் குன்று பாதிதான் இருந்தது. மீதி, வெட்டிய கேக்கைப்போல் செங்குத்தாக நின்றது. "அங்கியும் இப்டித்தான் வெள்ளையா கோடு போட்டானுங்க. சும்மா பாக்கறோம்னு சொன்னானுங்க. அப்பறம் வெடி வெச்சானுங்க. எங்க வூட்டுச் செவுரு பூரா விரிசல்."

அவள் பெயர் குமாரி. அடுத்து அவள் கேட்டது, "யாரு வூட்டுப் பொண்ணு நீ?" பின்லாந்தில் யாரும் கேட்காத கேள்வி. என் தாத்தா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்தக் கேள்விக்குப் பின்னால் எதை எடைபோடுகிறார்கள் என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். நான் தயங்கியதே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. ஒருவழியாக அப்பா பெயரையும் தெருவையும் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவளுக்கு வேண்டியது சாதியல்ல, பிரச்சினை வந்தால் என்னைத் தேடிவர ஒரு விலாசம்.

"ஏறிக் காட்டு, பாப்போம்" என்றார் அவள் கணவர்.

முதல்முறை நடுவில் கை விட்டு மெத்தையில் விழுந்தேன். இருவரும் சிரிக்கவில்லை. அடுத்தமுறை உச்சிக்குப் போய்விட்டேன். கீழே பார்த்தேன், ஏதோ நிரூபித்துவிட்டதாக ஒரு நிம்மதி.

"அவனுங்களுந்தான் ஏறிப் பாத்தானுங்க" என்றாள் குமாரி.

இறங்கி, பாட்டிலிலிருந்த குடிதண்ணீரை ஊற்றித் துப்பட்டாவால் பாறையைத் துடைத்தேன். கடைசிக் கறை போகும்வரை அருகிலேயே நின்று பார்த்தாள். வண்டி எண்ணைப் படமெடுத்துக்கொண்டாள், என் வாட்ஸ்அப் எண்ணைத் தன் போனில் போட்டு அடித்துச் சரிபார்த்தாள். பிறகுதான் சாவி கைக்கு வந்தது.

பங்குனியில், ஹெல்சிங்கியில் பனி கரையாத ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது அவள் அழைத்தாள்.

"காலைலேர்ந்து நாலஞ்சு பேரு டேப்பு வெச்சு அளந்துகினு கீறாங்க. நீ ஏறுன அதே கல்லு. உன் ஆளுங்களா?"

"இல்லக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"அப்டின்னா வா. ஊரு சனம் பூரா இங்கதான் நிக்குது. நீயும் வந்து நில்லு, நம்பறேன்."

"நான் பின்லாந்துல இருக்கேன்."

அது எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. பின்னணியில் யாரோ உரத்துப் பேசினார்கள், ஒரு லாரி பின்னால் நகரும் ஓசை கேட்டது. அவள் துண்டிக்கவில்லை, நானும் துண்டிக்கவில்லை. என் கனத்த கோட்டின் ஒரு கை மட்டும் மாட்டியிருந்தது, மறு கை தரையைத் தொட்டபடி தொங்கியது. வாசல் கதவைப் பாதி திறந்தபடி, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.